பிளாக் பியூட்டி யாருக்காக எழுதப்பட்டது? அன்னா சூவலின் வாழ்வும் அவருடைய ஒரே நாவலும்

விக்டோரியா காலத்துக் குழந்தை இலக்கிய எழுத்தாளர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் அன்னா சூவலின் பெயர் இருக்கும். அவர் எழுதிய ஒரே நாவல் 'பிளாக் பியூட்டி'. புத்தகக் கடைகளில் அது பளபளப்பான குதிரைப் படம் போட்ட அட்டையோடு சிறுவர் அலமாரியில் நிற்கிறது. பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுத் தாமும் படித்துப் பார்க்கும் பெற்றோருக்குத்தான் குழப்பம். வண்டி ஓட்டிகள் நோய்வாய்ப்பட்டுச் சாகிறார்கள், குடித்த லாயக்காரன் குதிரையைக் கல் ரோட்டில் விரட்டி அதன் முழங்காலை உடைக்கிறான், இறந்த குதிரையின் தலை பார வண்டிக்கு வெளியே தொங்குகிறது. இதையா எட்டு வயதுப் பிள்ளைக்கென்று எழுதினார்?

இல்லை. இந்த நாவல் குழந்தைகளுக்காக எழுதப்பட்டதே அல்ல. குதிரையின் கடிவாளத்தைக் கையில் பிடித்திருந்தவர்களுக்காக எழுதப்பட்டது. இதைப் புரிந்துகொண்டால் நூலில் உள்ள ஒவ்வொரு அத்தியாயமும் ஏன் அப்படி இருக்கிறது என்பது தெளிவாகும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போய், அந்தக் காலத்துச் சாலைகளிலிருந்தும் லாயங்களிலிருந்தும் தொடங்க வேண்டும்.

முதலில் சில அடிப்படைகள்

விக்டோரியா காலம் என்பது பிரிட்டனில் ராணி விக்டோரியா ஆட்சி செய்த 1837 முதல் 1901 வரையிலான காலம். ரயில் வந்துவிட்ட காலம்தான் அது. ஆனால் ரயில் வந்ததால் குதிரை வேலை குறையவில்லை, கூடியது. ஸ்டேஷனில் இறங்கும் ஆளையும் சரக்கையும் வீடுவரை, கடைவரை கொண்டுபோய்ச் சேர்க்கக் குதிரை வண்டியை விட்டால் வேறு வழி இல்லை.

குதிரை வண்டிகளில் மூன்று வகையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். முதலாவது, பணக்காரர்கள் சொந்தமாக வைத்திருந்த சாரட்டு. இரண்டாவது, தெருவில் கூப்பிட்டு ஏறும் வாடகை வண்டி, அதாவது கேப். மூன்றாவது, நிலக்கரி, தானியம் எல்லாம் ஏற்றும் பார வண்டி. ஒரு குதிரை தன் வாழ்நாளில் இந்த மூன்றையும் இதே வரிசையில் இழுக்க நேரலாம். இளமையில் சாரட்டு, உடம்பில் ஒரு குறை வந்ததும் வாடகை வண்டி, அதற்கும் முடியாதபோது பார வண்டி. அதற்கு அப்புறம் தோல் கிடங்கு. நாவலின் கதை ஓட்டமும் ஏறக்குறைய இதுதான். பிளாக் பியூட்டி பண்ணையில் பிறந்து, ஸ்கொயர் கோர்டன் என்ற கிராமத்து நிலக்கிழார் வீட்டில் வளர்ந்து, பிரபு வீட்டுக்குப் போய், அங்கிருந்து வாடகைக் குதிரை விடும் லாயத்துக்கும் லண்டன் தெருவுக்கும் போகிறது.

விலையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். லண்டன் வண்டிக்காரர் ஜெரி பார்க்கர் அதைச் சந்தையில் வாங்கும்போது 24 பவுண்டு 10 ஷில்லிங். கடைசியில் ஒரு விவசாயி வாங்கும்போது வெறும் 5 பவுண்டு. நடுவில் சில வருடங்கள்தான்.

குதிரையை அடித்தால் தண்டனை உண்டா என்றால், உண்டு. குதிரை, மாடு, ஆடு ஆகியவற்றைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிரான சட்டம் 1822இலேயே வந்துவிட்டது. அதைச் செயல்படுத்த 1824இல் லண்டனில் ஒரு சங்கம் தொடங்கியது. 1840இல் ராணியின் அனுமதியோடு அது ராயல் சங்கமாகவும் ஆனது. ஆனால் நடுத்தெருவில் தடியெடுத்து அடிப்பவனைப் பிடிக்கத்தான் இந்தச் சட்டம் உதவியது. ஒரு வாரை நாளுக்கு ஒரு துளை வீதம் இறுக்கிக் குதிரையின் கழுத்தையும் மூச்சையும் கெடுப்பதை எந்தப் போலீஸ்காரர் கண்டுபிடிப்பார்? அன்னா சூவல் கை வைத்தது இந்த இடத்தில்தான்.

நடக்க முடியாதவர், ஓட்டத் தெரிந்தவர்

அன்னா 1820 மார்ச் 30 அன்று இங்கிலாந்தின் நோர்ஃபோக் பகுதியில் கிரேட் யார்மவுத் என்ற கடலோர ஊரில் பிறந்தார். அப்பா ஐசக் துணிக்கடை நடத்தி நொடித்தவர், பிற்பாடு வங்கி வேலைக்குப் போனார். அம்மா மேரி. தம்பி பிலிப்.

குடும்பம் குவேக்கர் குடும்பம். குவேக்கர்கள் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். ஆடம்பரம் கூடாது, போர் கூடாது, எல்லா மனிதருக்குள்ளும் இறை ஒளி உண்டு என்று நம்புபவர்கள். அடிமை முறையை எதிர்ப்பதில் முன்னால் நின்றவர்கள். அன்னா பெரியவரானபின் அந்தச் சபையை விட்டு விலகினார், ஆனால் வளர்ப்பு போகவில்லை. நாவலில் கேப்டன் என்ற கிழக் குதிரை, ரஷ்யாவோடு பிரிட்டன் மோதிய கிரைமியப் போரில் குதிரைப்படையோடு பாய்ந்த குதிரை. எதற்காகச் சண்டை போட்டார்கள் என்று பிளாக் பியூட்டி கேட்கும்போது, அது ஒரு குதிரைக்குப் புரியாத விஷயம் என்று கேப்டன் சொல்கிறது. குவேக்கர் வீட்டில் வளர்ந்தவருக்குத்தான் அந்தப் பதில் அவ்வளவு இயல்பாக வரும்.

பதினான்கு வயதில் பள்ளியிலிருந்து மழையில் ஓடி வரும்போது அன்னா சறுக்கி விழுந்தார். கணுக்காலில் அடி. அது சரியாகவே இல்லை. அன்றிலிருந்து நீண்ட தூரம் நடக்கவோ நெடுநேரம் நிற்கவோ அவரால் முடியவில்லை. பல மருத்துவம் பார்த்தும் பயன் இல்லை.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கால் போனதால் அவருக்குக் குதிரைதான் கால். வெளியே போக வேண்டுமென்றால் சின்ன வண்டியில் மட்டக் குதிரையைப் பூட்டி, கடிவாளத்தைத் தாமே பிடித்துக்கொண்டு போனார். அப்பாவை ரயிலுக்குக் கொண்டுபோய் விடுவதும், திரும்பும்போது கூட்டி வருவதும் அவர்தான். ஒருமுறை அந்த வண்டியில் கூடவே போன ஒரு தோழி பின்னாளில் எழுதி வைத்த நினைவு உண்டு. அன்னா கடிவாளத்தைத் தளர்வாகப் பிடித்திருந்தார், சவுக்கைத் தொடவே இல்லை. குவேக்கர் வீட்டுப் பழைய பாணியில் குதிரையிடம் பேசிக்கொண்டே போனார். மழை பெய்கிறது பார், இந்த மேட்டில் நடந்தால் ஆகுமா என்றார். இன்னும் கொஞ்சம் வேகமாகப் போக வேண்டும், ஸ்டேஷனுக்கு நேரமாகிவிட்டால் உனக்கே வருத்தமாக இருக்கும் என்றார். குதிரையும் வேகத்தைக் கூட்டியது. பிற்பாடு நாவலில் வரும் நல்ல வண்டியோட்டிகள் எல்லாரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

எழுத்து அவருக்கு அம்மா வழியாக வந்தது. மேரி சூவல் நடுவயதுக்கு மேல் எழுதத் தொடங்கி, ஏழை எளிய மக்களுக்காக எளிய கதைப்பாடல்கள் எழுதினார். 1860இல் வந்த ஒரு பாடல் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அம்மா எழுதியதை முதலில் கேட்டுத் திருத்தம் சொன்னவர் அன்னா. வேலை முடிந்து களைத்து வரும் ஆளும் படிக்கும்படி எழுதுவது எப்படி என்பதை அவர் கற்றது அந்த மேசையில்தான். 'பிளாக் பியூட்டி'யில் அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக இருப்பதும், வாக்கியங்கள் நேராக இருப்பதும் சிறுவர் நூல் என்பதால் அல்ல. உழைப்பாளிக்கு எழுதிப் பழகிய வீட்டின் பழக்கம் அது.

ஆறு வருடம், ஒரு சோபா

1867இல் குடும்பம் நோர்விச் நகருக்கு அருகே ஓல்ட் காட்டன் என்ற ஊருக்குக் குடிவந்தது. சில வருடங்களில் அன்னாவின் உடல்நிலை மோசமானது. வீட்டை விட்டு வெளியே போக முடியாமல் சோபாவிலேயே படுத்திருந்தார். அந்த நிலையில்தான் நூல் எழுதப்பட்டது.

அவருடைய நாட்குறிப்பில் மூன்று வரிகள் அந்த ஆறு வருடத்தையும் காட்டிவிடுகின்றன. 1871 நவம்பர் 6 அன்று, ஒரு குதிரையின் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருப்பதாகவும், கிறிஸ்துமஸுக்குப் பொம்மைகளும் பெட்டிகளும் தயார் செய்வதாகவும் எழுதுகிறார். ஐந்து வருடம் கழித்து 1876 டிசம்பர் 6 அன்று, சின்னப் புத்தகம் நகர்ந்துகொண்டிருக்கிறது என்கிறார். 1877 ஆகஸ்ட் 21 அன்று முதல் அச்சுப் படிகள் வந்துவிட்டன, எழுத்துரு மிக அழகு என்று மகிழ்கிறார்.

நடுவில் நடந்தது இதுதான். கொஞ்சம் தெம்பு இருக்கும் நாளில் துண்டுத் தாளில் பென்சிலால் சில வரி எழுதுவார். அதை அம்மா வாங்கி மையில் நல்ல பிரதி எடுப்பார். பேனாவைப் பிடித்து நெடுநேரம் உட்கார அன்னாவால் முடியாது. மகளுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. நாவல் இந்த இரண்டு பேரின் கைகளால் உருவானது.

யாருக்காக எழுதினார் என்பதற்கு அவர் கைப்பட எழுதிய குறிப்பே சாட்சி. குதிரைகளிடம் அன்பும் இரக்கமும், அவற்றைப் புரிந்து நடத்தும் பழக்கமும் வர வேண்டும் என்பதே நூலின் நோக்கம் என்று அதில் சொல்கிறார். குழந்தை என்ற சொல்லே அதில் இல்லை. அடுத்து அவர் சொல்வது இன்னும் முக்கியம். வாடகை வண்டிக் குதிரைகளைப் பற்றி யோசித்ததில் வண்டிக்காரர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டி வந்தது, அவர்கள் படும் பாட்டை உள்ளது உள்ளபடி காட்ட வேண்டும் என்கிறார். ஒருநாள் வீட்டு வாசலில் காத்திருந்த ஒரு வண்டிக்காரரோடு ஜன்னல் வழியாகப் பேசியதையும், ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டுவதில்லை என்று அவர் சொன்னது மனதை ஆழமாகத் தொட்டதையும் குறிப்பிடுகிறார். நாவலில் ஞாயிறு ஓட்ட மறுக்கும் ஜெரி பார்க்கர் அந்த ஜன்னலோரப் பேச்சிலிருந்து எழுந்து வந்தவர்.

பேரிங் ரெயின் என்றால் என்ன?

நூலைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு தொழில்நுட்பச் சொல் அவசியம் தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் பேரிங் ரெயின் என்பார்கள். நாம் அதைத் தலைதூக்கு வார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வண்டியோட்டி கையில் பிடிக்கும் கடிவாள வார் வேறு, இது வேறு. குதிரையின் வாயில் உள்ள இரும்பிலிருந்து கிளம்பி, கன்னப் பக்கமாக மேலே போய், முதுகில் உள்ள சேணத் திண்டின் கொக்கியில் மாட்டப்படும் வார் இது. ஒருமுறை மாட்டிவிட்டால் யாரும் பிடிக்க வேண்டாம், அதுவே குதிரையின் தலையைத் தூக்கி நிறுத்தும். வாரில் வரிசையாகத் துளைகள் இருக்கும். எந்தத் துளையில் மாட்டுகிறோமோ அந்த அளவுக்குத் தலை மேலே போகும்.

ஏன் செய்தார்கள்? அழகுக்காக. கழுத்து வில்லாக வளைந்து, தலை நிமிர்ந்து, வாயில் நுரை தள்ள நிற்கும் ஜோடிக் குதிரைகள் அன்றைய பிரபு வீடுகளின் பெருமை. வேறு காரணம் இல்லை.

என்ன கெடுதல்? இழுக்கும் விலங்கு எப்படி இழுக்கிறது என்று தெரிந்தால் இது உடனே விளங்கும். மேட்டில் ஏறும் மாட்டு வண்டியைப் பார்த்திருப்பீர்கள். மாடு தலையைத் தாழ்த்தி, உடம்பு எடை முழுவதையும் முன்னால் சாய்த்து நுகத்தைத் தள்ளும். குதிரையும் அப்படித்தான், கழுத்துப் பட்டையில் சாய்ந்து தள்ளும். அதற்குத் தலை கீழே போயாக வேண்டும். தலைதூக்கு வார் அதைத் தடுக்கிறது. எடையைப் போட முடியாததால் பாரம் முழுவதும் முதுகிலும் பின்னங்கால்களிலும் விழுகிறது. கழுத்து நரம்புகள் இறுகுகின்றன, மூச்சுக்குழாய் மடங்குகிறது, வாய் ஓரம் இரும்பில் உரசிப் புண்ணாகிறது. பார்ப்பவர் துடிப்பு என்று நினைக்கும் நுரை, உண்மையில் வேதனையின் நுரை.

இதை எதிர்த்துப் பேசிய முதல் ஆள் அன்னா அல்ல. எட்வர்ட் ஃபோர்டம் ஃப்ளவர் என்பவர் 1875இல் இதைக் கண்டித்துத் தனியாக ஒரு சிறு நூலே வெளியிட்டிருந்தார். ஆனால் சிறு நூலைப் படிப்பவர் ஏற்கெனவே அக்கறை உள்ளவர். அன்னா அதே செய்தியைக் குதிரையின் வாயாலேயே சொல்ல வைத்தார்.

நாவலின் 22, 23ஆம் அத்தியாயங்களில் பிரபு வீட்டுச் சீமாட்டிக்குக் குதிரைகளின் தலை இன்னும் உயர வேண்டும். யார்க் என்ற கோச்சுவான் நல்லவர்தான், ஆனால் எஜமானி சொல்லை மீற முடியாதவர். நாளுக்கு நாள் ஒவ்வொரு துளையாக வார் குறுகுகிறது. கடைசியில் ஒருநாள் சீமாட்டி பொறுமை இழந்து, இப்போதே இறுக்கு என்கிறார். ஜிஞ்சர் என்ற பெண் குதிரையால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எகிறி உதைத்து, வண்டிக் கம்பத்தின்மேல் விழுகிறது. அதன் பிறகு அந்தச் சாரட்டில் ஜிஞ்சரைப் பூட்டவே இல்லை. ஜிஞ்சருடைய வாழ்க்கை அங்கிருந்து சரிகிறது.

46ஆம் அத்தியாயம் இதற்கு நேர் எதிரான காட்சி. செய்முறை விளக்கம் என்றே சொல்லலாம். பார வண்டியை மேட்டில் ஏற்ற முடியாமல் பிளாக் பியூட்டி திணறுகிறது. ஓட்டி ஜேக்ஸ் சவுக்கால் அடிக்கிறான். அந்த வழியாக வந்த ஒரு பெண் அவனைத் தடுத்து, தலைதூக்கு வாரைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறார். கழற்றியதும் குதிரை தலையை முழங்கால்வரை தாழ்த்துகிறது, இப்படியும் அப்படியும் அசைத்து இறுகிய கழுத்தைத் தளர்த்துகிறது. அப்புறம் முழு எடையையும் கழுத்துப் பட்டையில் போட்டு இழுக்கிறது. வண்டி மேடேறிவிடுகிறது. அந்தப் பக்கத்தைப் படிக்கும் எந்த வண்டிக்காரரும் மறுநாள் தம் குதிரையிடம் சோதித்துப் பார்க்கலாம். சோதித்துப் பார்க்கட்டும் என்பதற்காகத்தான் எழுதினார்.

ஜேக்ஸ் சொல்லும் பதிலையும் கவனிக்க வேண்டும். வாரைக் கழற்றினால் மற்ற வண்டிக்காரர்கள் சிரிப்பார்களாம், இதுதான் நாகரிகமாம். பாரம் அதிகம் என்பதும் அவன் தவறு அல்ல. கிளம்பும் நேரத்தில் மேஸ்திரி வந்து மூன்று அந்தர் கூடுதலாக ஏற்றச் சொன்னார், அதாவது 150 கிலோவுக்கும் மேல். சீமாட்டியின் நாகரிகம் பார வண்டிவரை இறங்கி வந்திருப்பதை இரண்டு வரியில் காட்டிவிடுகிறார் அன்னா.

சவுக்குக்குப் பின்னால் உள்ள கணக்கு

நாவலின் மூன்றாம் பகுதி லண்டனில் நடக்கிறது. என் பார்வையில் நூலின் உயரமான பகுதி இதுதான். சிறுவர் பதிப்புகளில் பெரும்பாலும் வெட்டுப்படுவதும் இதுதான்.

லண்டன் வாடகை வண்டிக்காரர்களில் இரண்டு வகை. சொந்த வண்டியும் குதிரையும் வைத்திருப்பவர் ஒரு வகை, ஜெரி பார்க்கர் அப்படி. முதலாளியிடம் நாள் வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டுபவர் இன்னொரு வகை. 39ஆம் அத்தியாயத்தில் வரும் சாம் இரண்டாம் வகை. கந்தல் உடையில், களைத்த குதிரையோடு அவர் வண்டி நிறுத்தத்துக்கு வரும்போது, குதிரையை இப்படியா வைத்திருப்பாய் என்று மற்றவர்கள் கடிந்துகொள்கிறார்கள். அப்போது சாம் தம் கணக்கைச் சொல்கிறார்.

ஒரு வண்டிக்கும் இரண்டு குதிரைக்கும் சேர்த்து நாளுக்கு 18 ஷில்லிங் முதலாளிக்குக் கட்ட வேண்டும். அதைச் சம்பாதித்த பிறகு வருவதுதான் வீட்டுக்கு. கட்டணமோ மைலுக்கு 6 பென்ஸ். நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். 18 ஷில்லிங் என்றால் 216 பென்ஸ். மைலுக்கு 6 பென்ஸ் என்றால் 36 மைல், அதாவது ஏறக்குறைய 58 கிலோமீட்டர். இவ்வளவு தூரம் ஆள் ஏற்றி ஓடினால்தான் முதலாளியின் கடன் தீரும். பயணியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் தூரம் இதில் சேராது. நிறுத்தத்தில் மழையில் காத்திருக்கும் நேரமும் சேராது. 58 கிலோமீட்டர் முடிந்த பிறகுதான் பிள்ளைகளுக்குச் சோறு.

இப்போது அந்தச் சவுக்கை யார் பிடித்திருக்கிறார்கள்? கை சாமுடையது. ஆனால் அடிக்க வைப்பது 18 ஷில்லிங். சாம் கல்நெஞ்சக்காரர் அல்ல. குதிரையை வருத்துவது அவருக்கே பொறுக்கவில்லை. ஆனால் வீட்டில் பசித்த வாய்கள் இருக்கும்போது என்ன செய்வது என்று கேட்கிறார். நாளுக்குப் பதினான்கு, பதினாறு மணி நேரம் உழைத்தும் பல வாரங்களாக ஒரு ஞாயிறு ஓய்வுகூடக் கிடைக்கவில்லை. சில நாளில் அவருடைய வண்டியை வேறொருவர் ஓட்டி வருகிறார். சாம் காய்ச்சலில் இறந்துவிட்டார்.

இந்த அத்தியாயத்துக்கு அடுத்ததிலேயே ஜிஞ்சர் மீண்டும் வருவது தற்செயல் அல்ல. ஒருகாலத்தில் செம்பழுப்பு நிறத்தில் பளபளத்த குதிரை, இப்போது எலும்பும் தோலுமாய், இருமிக்கொண்டு, வண்டி நிறுத்தத்தில் நிற்கிறது. முன்பெல்லாம் எதிர்த்து நிற்பாயே என்று பிளாக் பியூட்டி கேட்கிறது. மனிதர்கள் பலசாலிகள், எதிர்த்துப் பயன் இல்லை, செத்தால் தேவலை என்கிறது ஜிஞ்சர். சில நாள் கழித்து ஒரு பார வண்டி கடந்து போகிறது. அதில் இறந்த செம்பழுப்புக் குதிரை ஒன்று. வண்டியின் பின்புறம் தலை தொங்குகிறது, உயிரற்ற நாக்கிலிருந்து இரத்தம் மெல்லச் சொட்டுகிறது. அது ஜிஞ்சராக இருக்க வேண்டும், அதன் துன்பம் முடிந்திருக்க வேண்டும் என்று பிளாக் பியூட்டி ஆசைப்படுகிறது. தோழி செத்திருக்கட்டும் என்று ஆசைப்படும் நிலை. முதலில் சாமின் கணக்கு, அப்புறம் அந்தக் கணக்கின் விளைவு என்று அடுத்தடுத்து வைத்திருக்கிறார்.

சொந்த வண்டி வைத்திருந்தவருக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. ஜெரி வாரத்தில் ஆறு நாள் மட்டும் ஓட்டும் லைசென்ஸ் எடுத்தவர், ஞாயிறு மனைவி மக்களுக்கு என்று வைத்திருப்பவர். புத்தாண்டு சமயத்தில் இரண்டு கனவான்கள் சீட்டாட்டத்துக்குப் போய் இறங்கி, பதினொரு மணிக்கு வந்து அழைத்துப்போகச் சொல்கிறார்கள். ஜெரி சரியான நேரத்துக்கு வந்து நிற்கிறார். பனியும் மழையுமாகக் கொட்டுகிறது. அவர்கள் வெளியே வரும்போது மணி ஒன்றேகால். ஒரு வருத்தம்கூடச் சொல்லவில்லை. ஜெரிக்கு நெஞ்சுச் சளி முற்றி, உயிர் பிழைத்ததே பெரிய விஷயமாகிவிடுகிறது. அதன்பின் அவரால் வண்டி ஓட்ட முடியவில்லை. பிளாக் பியூட்டி மறுபடி விற்கப்படுகிறது. முதலில் ஜேக்ஸின் பார வண்டியை இழுக்க ஒரு தானிய வியாபாரியிடம், அப்புறம் சாமுக்கு வண்டி வாடகைக்கு விட்ட அதே முதலாளி ஸ்கின்னரிடம்.

கெட்ட மனம் மட்டும்தான் காரணமா?

அன்னா சூவல் குதிரைக்கு வரும் துன்பத்தை நான்கு காரணங்களாகப் பிரித்துப் பார்க்கிறார் என்று சொல்லலாம். நூல் முழுக்க இவை கலந்து வருகின்றன.

1. நாகரிகம். தலைதூக்கு வார் இதில் சேரும். குதிரையின் வாலை எலும்போடு வெட்டிக் குட்டையாக்கும் வழக்கமும் அப்படித்தான். ஈயை விரட்ட ஒரு குதிரைக்கு உள்ள ஒரே கருவி வால். வெட்டப்பட்ட சர் ஆலிவர் என்ற கிழக் குதிரை அதைச் சொல்லிப் புலம்புகிறது.

2. குடி. ரூபன் ஸ்மித் திறமையான ஆள், குதிரைகளிடம் அன்பானவன். குடித்தால் வேறு ஆள். லாடம் தளர்ந்திருக்கிறது என்று சொன்னதைக் காதில் வாங்காமல் இரவில் கூர்க்கல் ரோட்டில் விரட்டுகிறான். லாடம் கழன்று குளம்பு பிளந்து குதிரை விழுகிறது. அவன் அங்கேயே இறக்கிறான். பிளாக் பியூட்டியின் முழங்கால்கள் உடைந்து தழும்பாகின்றன. தழும்பு விழுந்த குதிரையைப் பிரபு வீட்டுச் சாரட்டில் பூட்ட மாட்டார்கள். அதனால்தான் கீழ்நோக்கிய பயணம் தொடங்குகிறது.

3. பணம். சாமின் கதையில் பார்த்தோம்.

4. தெரியாமை. அன்னா மிகவும் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜோ கிரீன் என்ற லாயச் சிறுவன் நல்ல பிள்ளை. நள்ளிரவில் மருத்துவரைக் கூட்டிவர ஓடி வியர்த்துக் கொதித்து நிற்கும் குதிரைக்கு, வாளி நிறையக் குளிர்ந்த நீரைக் கொடுத்துவிடுகிறான். உடம்பு சூடாக இருக்கிறது, கம்பளி வேண்டாம் என்று அதையும் போர்த்தாமல் விடுகிறான். நல்லது என்று நினைத்துத்தான் செய்தான். குதிரை சாகப் பிழைக்கக் கிடந்தது. பாவம் தெரியாமல் செய்துவிட்டான் என்று அவனுடைய அப்பா சொல்லும்போது, தலைமைக் கோச்சுவான் ஜான் மேன்லி கொதித்துப்போகிறார். உலகத்தில் கெட்ட எண்ணத்துக்கு அடுத்தபடியாகக் கேடு செய்வது தெரியாமைதான் என்கிறார்.

நாலாவது காரணம்தான் நூலின் வடிவத்தையே தீர்மானித்தது. கெட்டவனைத் திருத்தப் புத்தகத்தால் முடியாமல் போகலாம், தெரியாதவனுக்குக் கற்றுக்கொடுக்க முடியும். அதனால்தான் கதை நடுவில் ஈர வைக்கோலில் நிற்கும் குதிரையின் குளம்பு எப்படி அழுகும், லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே மாட்டிக்கொண்ட கல்லை எப்படிப் பார்ப்பது, லாயத்துக்குள் வெளிச்சம் ஏன் வேண்டும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக வருகிறது. சிறுவர் கதை என்று எடுத்துப் படிப்பவருக்கு இது வேகத்தைக் குறைப்பதாகத் தோன்றும். கையேடாகப் படித்தால் ஒவ்வொரு வரியும் வேலை செய்கிறது. முன்னே சொன்ன எட்வர்ட் ஃப்ளவர் 'பிளாக் பியூட்டி'யைப் படித்துவிட்டு, இதில் ஒரு தவறுகூட இல்லையே, கால்நடை மருத்துவர் அல்லவா எழுதியிருக்க வேண்டும் என்று வியந்தார். எழுதியவர் சோபாவில் படுத்திருந்த ஒரு பெண்.

அப்புறம் எப்படிச் சிறுவர் அலமாரிக்குப் போனது?

நூல் 1877 நவம்பர் 24 அன்று வெளிவந்தது. வெளியிட்டது நோர்விச் நகரின் ஜாரல்ட் நிறுவனம். அன்னாவுக்குக் கிடைத்தது மொத்தமாக 40 பவுண்டு. விற்பனையில் பங்கு கிடையாது. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் என்று போடாமல், குதிரை மொழியின் மூலத்திலிருந்து அன்னா சூவல் மொழிபெயர்த்தது என்று போட்டிருந்தது.

ஐந்து மாதத்தில், 1878 ஏப்ரல் 25 அன்று அவர் இறந்தார். வயது 58. லாமாஸ் என்ற ஊரின் குவேக்கர் இடுகாட்டில் அடக்கம். சவ வண்டி வாசலில் வந்து நின்றபோது குதிரைகளுக்குத் தலைதூக்கு வார் மாட்டியிருந்ததை அம்மா மேரி கண்டார், அப்போதே கழற்றச் சொன்னார் என்பது குடும்பத்தில் சொல்லப்பட்டு வரும் நினைவு.

நூலைப் பெரிய அளவில் பரப்பியவர் அமெரிக்கர், ஜார்ஜ் தார்ன்டைக் ஏஞ்செல். இரண்டு குதிரைகளை ஒரே பந்தயத்தில் ஓட விட்டே கொன்ற செய்தியைப் படித்துக் கொதித்து, 1868இல் மாசசூசெட்ஸில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தொடங்கியவர். 1890இல் 'பிளாக் பியூட்டி'யைத் தம் அமைப்பின் சார்பில் மலிவாக அச்சிட்டு வண்டிக்காரர்கள், லாயக்காரர்கள், பள்ளிகள் என்று எல்லா இடத்துக்கும் அனுப்பினார். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. அது திருட்டுப் பதிப்பு என்று இன்று சொல்கிறோம், ஆனால் அப்போதைய அமெரிக்கச் சட்டப்படி அது குற்றம் அல்ல. வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது 1891இல்தான்.

நூல் சிறுவரிடம் போனதற்கு ஏஞ்செலின் நம்பிக்கையும் ஒரு காரணம். பெரியவர்களைத் திருத்துவதைவிடப் பிள்ளைகளிடம் இரக்கத்தை விதைப்பது நல்லது என்று நினைத்தவர் அவர். பள்ளிகளில் நூல் வாசிக்கப்பட்டது, பரிசாகக் கொடுக்கப்பட்டது. இன்னொரு காரணம் எளிது. விலங்கு பேசுகிறது என்றால் அது பிள்ளைகளின் கதை என்று பதிப்பாளர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். மூன்றாவது, காலம். தெருவிலிருந்து குதிரைகள் மறைந்து மோட்டார் வந்ததும், நூல் யாருக்காக எழுதப்பட்டதோ அந்த வாசகர்களே இல்லாமல் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் பிள்ளைகள். இதுவரை ஐந்து கோடிப் பிரதிகள் விற்றிருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

நூல் எதை மாற்றியது?

'பிளாக் பியூட்டி' வந்ததால் தலைதூக்கு வாரைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள் என்று சிலர் எழுதுவதுண்டு. அப்படி ஒரே அடியாக நடந்துவிடவில்லை. மெல்ல அந்த நாகரிகத்துக்கு மதிப்புப் போனது. பிரிட்டனில் விலங்குகளைப் பாதுகாக்கும் விரிவான சட்டம் 1911இல் வந்தது. வால் வெட்டுவதைத் தடுக்கும் சட்டம் வர 1949 ஆனது, சர் ஆலிவர் புலம்பி எழுபது வருடத்துக்கு மேல் கழித்து. ஆனாலும் அந்தச் சட்டங்களைக் கேட்டுப் போராடியவர்களில் பலர் சிறு வயதில் ஜிஞ்சருக்காக அழுதவர்களாக இருந்திருப்பார்கள் என்று நினைக்க இடம் இருக்கிறது.

உங்களிடம் உள்ள பிரதி முழுமையானதா?

வாங்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். முழு நூலில் நான்கு பகுதிகள், 49 அத்தியாயங்கள். படங்களோடு வரும் சுருக்கங்களில் முதல் பகுதியின் பண்ணை வாழ்க்கை நிறைய இருக்கும், லண்டன் இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். 39ஆம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். சாம் வந்து 18 ஷில்லிங் கணக்கைச் சொல்கிறாரா? சொன்னால் அது அன்னா சூவல் எழுதிய புத்தகம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் 40ஆம் அத்தியாயத்தைப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.